பழி பசுவின் மேலா?

பசு இரண்டு மூன்று தடவை சினை பிடிக்காமற்போனால், நாம் அதற்கு மலட்டுப் பட்டம் சூட்டி விற்றுவிடுகிறோம். காளையை யாரும் விசாரிப்பதில்லை. இது நியாயமா?

காளையின் விந்தணு ஒவ்வொன்றும் டி.என்.ஏ. என்னும் பாரம்பரிய இழையைத் தலையில் சுமந்து செல்கிறது. கடும் வெயிலோ காய்ச்சலோ விரையைச் சூடேற்றினால் அவ்விழை அறுபடக்கூடும். அதைச் சீர்செய்துகொள்ளும் சக்தி முதிர்ந்த விந்தணுவுக்கு இல்லை. ஆயினும் அது நன்றாக நீந்தும்; முட்டையோடும் கலக்கும். சிறு சேதத்தை முட்டை சரிப்படுத்திவிடும். சேதம் மிகுந்தாலோ, கரு சில நாட்களிலேயே அழிந்துபோகும். பழி பசுவைச் சேரும்.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் எவன்சனும் அவருடைய சகாக்களும் சாயமேற்றி இக்குறையைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். அதில் பழுதற்ற இழை பச்சையாகவும், பழுதுற்றது சிவப்பாகவும் ஒளிரும்.

விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்கள் ஆகின்றன. ஆகவே சித்திரை வெயில் செய்த தீங்கு ஆனியிலும் தொடரக்கூடும். செயற்கைக் கருவூட்டலால் ஒரே காளை ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாகும் இந்நாளில், இது சிறு விஷயமன்று.

பசுவிடமும் குறை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் காளைக்கு நிழலும் நீரும் அளிப்போம். பசுவைச் சந்தைக்கு ஓட்டுமுன், காளையையும் ஒருமுறை சோதிக்கச் செய்வோம்.