தனுஷ்கோடிக்குச் செல்ல ஏற்ற காலம்

கோடை விடுமுறை வந்ததும், "தனுஷ்கோடியைப் பார்த்து வரலாமா?" என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழுவதுண்டு. நாங்களும் பங்கு மக்கள் சிலருடன் ஒருமுறை ஆனி மாதத்தில் அங்குச் சென்றோம். தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் இறைத்தது. இடிந்த தேவாலயத்தினுள் நின்று பத்து மணிச் செபமாலைகூட எங்களால் சொல்ல முடியவில்லை. கண்களைக் கசக்கி அழுத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினோம்.

1914-ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடி இலங்கைக்கு வாசலாக விளங்கியது. புகைவண்டியில் வந்திறங்குவோர் இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரை அடைவர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியும் அலைக்கு இரையாயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் வாழத் தகாத இடமென அரசு பின்னர் அறிவித்தது. கூரையிழந்த தேவாலயமும் புகைவண்டி நிலையத்தின் சிதைவுகளும் இன்றும் நிற்கின்றன.

அவ்வூரை அழித்த பருவம் அங்குச் செல்வதற்கு ஏற்ற பருவமன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் மிரட்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஒதுங்க மரநிழல் கிடைப்பது அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மணற்காற்று. எஞ்சியிருப்பது சனவரி நடுவிலிருந்து மார்ச் வரையுள்ள காலமே. அப்போது வெயில் கடுமையற்றது, காற்றும் தணிந்திருக்கும். அருகிலுள்ள கச்சத்தீவில் புனித அந்தோனியார் திருவிழாவும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டியே நடைபெறுகிறது. தவக்காலமும் பெரும்பாலும் இந்நாட்களிலேயே தொடங்குகிறது. நாங்களும் அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் சென்று, விட்டுவந்த செபமாலையை அமைதியாகச் சொல்லி முடித்தோம்.

2017-ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. காலையிலேயே சென்று, பொழுது சாயுமுன் திரும்புவது நலம். உப்புக்காற்று அரித்த சுவர்களில் பிள்ளைகளை ஏறவிடலாகாது. கடல் அமைதியாகத் தோன்றினாலும் நீரோட்டம் வலியது. இறங்கிக் குளிக்க வேண்டாம். குடிநீரை நாமே கொண்டு செல்வோம். அங்குக் குடிசைகளில் வாழும் மீனவர்கள் மணலைத் தோண்டி, ஊறும் நீரை முகந்தே பருகுகின்றனர்.

தனுஷ்கோடி வெறும் காட்சிப்பொருளன்று. நீத்தோர் பலரின் கல்லறை. படம் எடுப்பதற்கு முன், அந்த இரவில் மாண்டவர்களுக்காக ஒரு நிமிடம் முழந்தாளிடுவோம்.