கே.ஜி. என்றால் தோட்டம்: ஒரு சின்ன சர்ச் பள்ளி குழந்தைக்கு என்ன தருகிறது?

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். மகளுக்கு மூன்றரை வயது. "தெருக்கோடி சர்ச் காம்பவுண்டுல ஒரு சின்ன ஸ்கூல் இருக்குல்ல, மொத்தமே 18 பிள்ளைங்க. அங்க போடலாமா, இல்ல வேன் வர்ற பெரிய ஸ்கூல்ல போடலாமா? இங்க எழுதவே சொல்லித் தர மாட்டாங்களாம். பாட்டு, கதை, களிமண்ணு, அவ்வளவுதான். அதுக்கா பீஸ் கட்டணும்?"

அவர்கள் இந்துக் குடும்பம். வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் அவரிடம் இருந்தது. அங்கே ஜெபம் பண்ணச் சொல்வார்களே, அதற்கு என்ன செய்வது?

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரிப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன என்று படித்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

பின்னல் ஊசியும் பிள்ளைகளும்

1767ல் ஓபர்லின் என்ற லூத்தரன் போதகர், பிரான்சின் கிழக்கே வோஜ் மலைப்பகுதியில் இருக்கும் வால்டர்ஸ்பாக் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். ஏழை மலைக் கிராமங்கள், ஒழுங்கான சாலைகூடக் கிடையாது. அப்பா அம்மா வயலுக்குப் போய்விட்டால் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

பக்கத்தில் பெல்மோன் என்ற ஊரில் சாரா பான்சே என்று ஓர் இளம்பெண். அவர் தன் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பின்னல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஓபர்லின் அதைப் பார்த்துவிட்டு, அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திச் சுற்றுக் கிராமங்களுக்கும் அந்த ஏற்பாட்டை விரிவாக்கினார். புத்தகங்களில் போதகரின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. ஆனால் தொடங்கி வைத்தது அந்தப் பெண்தான். சாரா இளவயதிலேயே 1774ல் இறந்துவிட்டார். பின்னால் வந்த லூயிஸ் ஷெப்ளர் தன் வாழ்நாள் முழுவதையும் இந்தப் பிள்ளைகளோடே கழித்தார். 1829ல் பிரெஞ்சு அகாதெமி அவருக்கு நற்பணிப் பரிசு கொடுத்தது.

அங்கே என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். பிள்ளைகள் ஆசிரியையைச் சுற்றி வட்டமாக உட்காருவார்கள். பெரியவர்கள் பின்னுவார்கள், சின்னவர்கள் விளையாடுவார்கள். படத்தைக் காட்டி வேதாகமக் கதை நடக்கும். விலங்கு, செடிகொடி பற்றிய பேச்சும் உண்டு. பாட்டு உண்டு. வெயில் வந்தால் எல்லோரும் வெளியே போய்ச் செடி பறித்து வருவார்கள். அந்தச் செடிக்கு வீட்டில் பேசும் வட்டார மொழியில் முதலில் பெயர் சொல்லுவார்கள், அதற்குப் பிறகுதான் பிரெஞ்சில். வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்கு ஒரு பாலம். நம் ஊரில் மூன்று வயசுப் பிள்ளையிடம் எடுத்த எடுப்பிலேயே "ஸ்பீக் இன் இங்கிலீஷ்" என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

தடை செய்யப்பட்ட தோட்டம்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தினமும் சொல்கிறோம். அந்தக் 'கே.ஜி.' கிண்டர்கார்ட்டன் என்ற ஜெர்மன் சொல், பொருள் குழந்தைகள் தோட்டம். அந்தப் பெயரை 1840ல் வைத்தவர் ஃபிரெடரிக் ஃப்ரோபெல். இவரும் ஒரு லூத்தரன் போதகரின் மகன்தான். ஒரு வயது நிரம்பும் முன்பே தாயை இழந்தவர். மரக்கட்டை, பந்து, பாட்டு, தோட்டவேலை என்று விளையாட்டையே பாடமாக்கினார். இயற்கையில் இருக்கும் ஒழுங்கைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளை கடவுளை நெருங்குகிறது என்பது அவருடைய நம்பிக்கை.

வேடிக்கை என்னவென்றால், 1851ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களையே தடை செய்துவிட்டது. சொன்ன காரணம், நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார்கள் என்பது! அண்ணன் மகன் எழுதிய ஒரு நூலை இவருடைய கருத்து என்று குழப்பிக்கொண்டதும் இதில் சேர்த்தி. அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860ல்தான். "விளையாடிக்கிட்டே இருந்தா அது என்ன படிப்பு?" என்ற சந்தேகம் நம் அக்காவுக்கு மட்டும் வந்ததல்ல, பாருங்கள்.

எழுத்து இல்லையென்றால் பின்னே என்ன?

முதலில் கை. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். விரல் தசைகளும் அப்போதுதான் பலம் பிடிக்கத் தொடங்குகின்றன. களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோர்ப்பது எல்லாம் பென்சில் பிடிக்கப்போகும் கைக்குத் தயாரிப்பு. இந்த வயசில் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் பிள்ளை அழுவது சோம்பலால் அல்ல, கை வலிக்கிறது.

அடுத்தது காது. 'பல்லி'க்கும் 'பள்ளி'க்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாத பிள்ளையிடம் ல-வையும் ள-வையும் எழுதச் சொல்லி என்ன பயன்? கைதட்டிப் பாடும் பாட்டுதான் சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. சர்ச் பள்ளிகளில் பாட்டுக்குப் பஞ்சமே இருக்காது. அது உண்மையிலேயே ஒரு பலம்.

மூன்றாவது, தினமும் அதே முகம். அம்மாவை விட்டு முதல் தடவையாகப் பிரியும் பிள்ளைக்கு, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர் வேண்டும். 18 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, ஓர் ஆயா என்றால் அது நடக்கும். 45 பேர் இருக்கும் வகுப்பில் ரொம்பக் கஷ்டம். தவிர, வந்ததும் வணக்கம், சாப்பிடும் முன் நன்றி, பகிர்ந்து தின்பது, சண்டை போட்டால் மன்னிப்பு கேட்பது என்று ஒரே வரிசையில் நாள் போகும்போது, அடுத்து என்ன என்ற பயம் பிள்ளைக்குக் குறையும்.

அந்தக் கேட்காத கேள்வி

இதை மழுப்பக் கூடாது. கிறிஸ்தவப் பள்ளியில் இயேசு கதை இருக்கும், ஜெபம் இருக்கும். அதற்காகத்தான் பல கிறிஸ்தவப் பெற்றோர் அங்கே அனுப்புகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. வேறு மதத்தவருக்குச் சட்டம் ஒன்று சொல்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் சம்மதமில்லாமல் ஒரு சிறு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியல் சாசனம், பிரிவு 28(3). ஆகவே சேர்க்கும் முன்பே "ஜெபத்தின்போது எங்க பிள்ளை என்ன பண்ணும்?" என்று நேராகக் கேட்டுவிடலாம். நல்ல பள்ளி முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். "சாமி கண்ணைக் குத்தும்" என்று பயமுறுத்திப் பிள்ளையை அடக்கும் இடம் எந்த மதத்தினுடையதாக இருந்தாலும் வேண்டாம்.

சின்னப் பள்ளி என்பதாலேயே நல்ல பள்ளி ஆகிவிடாது. ஆசிரியை பயிற்சி பெற்றவரா, கழிப்பறை சுத்தமா, வெளிக்கதவில் ஆள் நிற்கிறாரா, அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இது எதுவும் விளம்பர நோட்டீஸில் தெரியாது.

அதனால் அக்காவிடம் இதைத்தான் சொன்னேன்: "ஒரு நாள் காலைல போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கக்கா."

போனார். திரும்பி வந்து முதலில் சொன்னது பாடத்தைப் பற்றி அல்ல. "அந்த டீச்சருக்கு எல்லாப் பிள்ளைங்களையும் வீட்டுல கூப்பிடற பேரே தெரியுது. ஒரு பையன் அழுதான், தூக்கி வச்சுக்கிட்டே கதை சொல்லி முடிச்சாங்க." ஜெபத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். "கண்ண மூடினாலும் சரி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி" என்றார்களாம்.

வீட்டில் மாமனாருக்கு இன்னும் சம்மதம் இல்லை. அடுத்த வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்.