வணிக உத்தியில் எளிமையும் தெளிவும்: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனத்தின் வணிக உத்தியும், பயனாளருக்கு அது அளிக்கும் மதிப்பு முன்மொழிவும் எளிமையாக அமையவேண்டும் என்பது மேலாண்மைத் துறையில் வலியுறுத்தப்படும் கருத்தாகும். எனினும், எளிமை என்பது பெரும்பாலும் சொற்சுருக்கமாகவே கொள்ளப்படுகிறது. எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்னும் தேர்விலேயே எளிமை அமைகிறது என்பதையும், அதன் தெளிவைப் பயனாளரின் நிலையிலிருந்தே அளக்கவேண்டும் என்பதையும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் செயல்முறைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வணிக உத்தி, மதிப்பு முன்மொழிவு, எளிமை, தெளிவு, அரவிந்த் கண் மருத்துவமனை.

முன்னுரை

நிறுவனங்கள் தம் நோக்கத்தை அறிவிக்கும்போது 'உலகத்தரம்', 'முழுமையான தீர்வு', 'வாடிக்கையாளர் நிறைவு' முதலிய தொடர்களைக் கையாள்வது வழக்கம். இத்தொடர்களை எந்த நிறுவனத்தின் பெயரோடும் பொருத்திவிடலாம். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தொடர் எவருக்கும் வழிகாட்டுவதில்லை. இவ்வாறான வெற்றுச் சொற்பெருக்கைப் பிழைபட்ட உத்தியின் அடையாளங்களுள் ஒன்றாக ரிச்சர்ட் ரூமெல்ட் 2011இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகிறார். இப்பின்னணியில், உத்தியின் எளிமை எங்கே உருவாகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கருத்தாக்கப் பின்புலம்

மதிப்பு முன்மொழிவு என்னும் கருத்தாக்கத்தை 1988இல் மெக்கின்சி நிறுவனத்தைச் சார்ந்த மைக்கேல் லானிங், எட்வர்ட் மைக்கேல்ஸ் ஆகியோர் முன்வைத்தனர். யாருக்கு, என்ன பயனை, என்ன விலையில் ஒரு நிறுவனம் தருகிறது என்பதற்கான விடையே இதன் சாரம். வணிக உத்தி அவ்விடையை நிறைவேற்றும் வழியாகும். எதைச் செய்யாமல் விடுவது என்று தீர்மானிப்பதும் உத்தியின் உயிர்நாடியே என்பதை மைக்கேல் போர்ட்டர் 1996இல் எழுதிய கட்டுரையில் நிறுவுகிறார். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கும்போது, எளிமை என்பது எழுத்துநடையின் பண்பு மட்டுமன்று, முடிவெடுத்தலின் விளைவும் ஆகும் என்பது புலனாகிறது.

ஒற்றை நோக்கமும் அதன் விளைவுகளும்

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே அதன் நோக்கம். இந்நோக்கம் எல்லை வகுக்கப்பட்ட ஒன்று என்பது கருதத்தக்கது. 'சிறந்த மருத்துவம் அளித்தல்' என்று அது அமைந்திருப்பின், எந்நோய்க்கும் எவ்விரிவாக்கத்திற்கும் இடமளித்திருக்கும். 'தவிர்க்கக்கூடிய' என்னும் ஒரு சொல், கண்புரையை முதன்மைப் பணியாக முன்னிறுத்துகிறது. கண்புரையால் மறைந்த பார்வையை அறுவை சிகிச்சையால் மீட்கமுடியும். எனவே, பார்வையற்றிருப்போரின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கும் அளவில் அறுவை சிகிச்சைகள் நடைபெறவேண்டும் என்பது இந்நோக்கத்திலிருந்து நேரடியாகப் பெறப்படுகிறது.

அறுவை அரங்கின் அமைப்பும் இதனையொட்டியே உருவானது. ஒரு மருத்துவருக்கு இரு மேசைகள் அமைக்கப்படுகின்றன. ஒன்றில் அறுவை நடைபெறும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளர் ஆயத்தப்படுத்தப்படுகிறார். மருத்துவரால் மட்டுமே செய்யத்தக்க பணியை மருத்துவர் செய்கிறார். பரிசோதனை, ஆயத்தம், பின்கவனிப்பு ஆகியவற்றின் பெரும்பகுதியைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் மேற்கொள்கின்றனர். எங்குச் சென்றாலும் ஒரே தரத்தில் உணவு வழங்கும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் ஒழுங்குமுறை வெங்கடசாமியை ஈர்த்தது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் இறக்குமதிப் பொருளாக இருந்தபோது, அதன் விலை ஏழை நோயாளருக்குப் பெருந்தடையாக இருந்தது. 1992இல் ஆரோலேப் என்னும் உற்பத்தி அமைப்பு தொடங்கப்பெற்று, அந்த லென்ஸ் மிகக் குறைந்த விலையில் கிடைக்க வழிசெய்யப்பட்டது. மருத்துவமனை உற்பத்தித் துறையில் நுழைந்தது நோக்கத்திலிருந்து விலகியதாகத் தோன்றலாம். எனினும், அறுவைக்கு நின்ற தடையை நீக்கியதால் அது நோக்கத்திற்குள் அடங்கிய செயலே ஆகும். விரிவாக்கம் ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகத் தெளிவான நோக்கம் பயன்படுவதை இதனால் அறியலாம்.

பயனாளர் நிலையில் தெளிவு

நிறுவனத்திற்குத் தெளிவாகத் தோன்றும் முன்மொழிவு பயனாளருக்கும் அவ்வாறே தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. 'அறுவை சிகிச்சை இலவசம்' என்னும் அறிவிப்பு மிக எளிமையானது. ஆயினும், கண் சிகிச்சை முகாம்களில் அறுவை தேவையெனக் கண்டறியப்பட்டோருள் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. பயணச் செலவு, உணவு, உடன்வருவோர் இழக்கும் கூலி, அறுவை குறித்த அச்சம் ஆகியவை அவர்களைத் தடுத்தன. கூலித் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவருக்கு அந்த 'இலவசம்' செலவுமிக்கதாகவே இருந்தது.

இதனை உணர்ந்தபின், முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துச்செல்லுதல், தங்குமிடம், உணவு, மீண்டும் ஊருக்குக் கொண்டுசேர்த்தல் ஆகியன சிகிச்சையின் பகுதிகளாயின. ஓர் ஊரார் பலர் சேர்ந்து சென்றதால் அச்சமும் குறைந்தது. அறிவிப்பின் சொற்கள் மாறவில்லை. அவற்றின் பின்னிருந்த ஏற்பாடு மாறியது. முன்மொழிவு அதன்பின்னரே பயனாளருக்குத் தெளிவாயிற்று.

கட்டண முறையிலும் இதே எளிமையைக் காணலாம். கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளரே தெரிவுசெய்கிறார். வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. இரு பிரிவினருக்கும் மருத்துவர்கள் பொதுவானவர்கள். வேறுபாடு தங்கும் வசதிகளிலேயே அமைகிறது. கட்டணப் பிரிவின் வருவாய் இலவசப் பிரிவைத் தாங்குகிறது. வசதியுள்ளோர் சிலர் இலவசப் பிரிவை நாடக்கூடும் என்னும் இழப்பை ஏற்றுக்கொண்டு, சான்று சரிபார்த்தல் என்னும் சிக்கலை நிறுவனம் தவிர்த்துள்ளது. போர்ட்டர் கூறும் தவிர்த்தலுக்கு இது தக்க சான்று.

எளிமையின் விலை

பயனாளர் காணும் எளிமைக்குப் பின்னால் பணிப்பகிர்வு, பயிற்சி, போக்குவரத்து, உற்பத்தி எனச் சிக்கலான அமைப்பு ஒன்று இயங்குகிறது. எனவே, எளிய உத்தியை எளிதான உத்தி எனக் கொள்வது பொருந்தாது. நோயாளர் சுமந்த சிக்கலை நிறுவனம் தன்மேல் ஏற்றுக்கொண்டதே இங்கு நிகழ்ந்த மாற்றம். இம்மருத்துவமனையை 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் வி. கஸ்தூரி ரங்கன் நேர்வாய்வாக எழுதினார். சி.கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட நூலிலும் அது இடம்பெற்றது. இவ்வமைப்பின் இரு மேசை முறையை மட்டும் பின்பற்ற முனையும் நிறுவனம், அம்முறையைத் தோற்றுவித்த தேர்வுகளை மேற்கொள்ளாவிடில் அதே பயனை எதிர்பார்க்க இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, எளிமை என்பது எல்லை வகுத்தலால் பிறக்கிறது. இரண்டாவதாக, தெளிவான நோக்கம் அன்றாட முடிவுகளுக்கும் விரிவாக்கத்திற்கும் அளவுகோலாகிறது. மூன்றாவதாக, முன்மொழிவின் தெளிவை அறிவிப்பவர் அளக்க இயலாது. அதனை ஏற்று வருவோரின் எண்ணிக்கையும் வாராதோரின் காரணங்களுமே அளக்கின்றன. ஆகவே, மதிப்பு முன்மொழிவைச் சீர்ப்படுத்த விரும்பும் நிறுவனம் அதன் சொற்களைத் திருத்துவதற்கு முன், அழைப்பைக் கேட்டும் வாராதவர் ஏன் வரவில்லை என்று வினவுதல் இன்றியமையாததாகும்.