பிரசவத்துக்குப் பிறகும் தாயின் உடலில் தங்கும் தடங்கள்

கர்ப்பகாலத்தில் ஒரு பெண்ணின் உடல் மாறும் அளவுக்கு, வளர்ந்துவிட்ட மனித உடல் வேறெப்போதும் மாறுவதில்லை. இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. நிமிடத்துக்கு நுரையீரலுக்குள் போய்வரும் காற்று சுமார் 40 சதவீதம் அதிகமாகிறது. குடல் இரும்பையும் கால்சியத்தையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக உறிஞ்சுகிறது. எலும்பும் தன் இருப்பிலிருந்து கால்சியத்தை விட்டுக்கொடுக்கிறது. மார்பகத் திசு புதிதாகக் கிளைவிடுகிறது. இவ்வளவும் நடக்கும் அதே மாதங்களில் அடுப்புப் புகை, வாகனப் புகை, பூச்சிமருந்து, காரீயம், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் எல்லாம் அந்த உடலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அவை வயிற்றிலிருக்கும் குழந்தையை என்ன செய்யும் என்று ஏராளமான ஆய்வுகள் நடந்துவிட்டன. தாயை என்ன செய்யும், அதுவும் இருபது முப்பது வருடம் கழித்து என்ன செய்யும் என்ற கேள்வி மிகத் தாமதமாகத்தான் எழுந்தது. அது முன்பே எழுந்திருக்க வேண்டிய கேள்வி.

இதற்கு விடை தேடும் துறைகளில் முக்கியமானது எபிஜெனெடிக்ஸ். இந்தச் சொல்லை 1942-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன். ஒருவருடைய தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். ஏரித் தண்ணீர் ஒன்றாக இருந்தாலும் எந்த மடையைத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எந்த வயல் விளையும் என்பது முடிவாவதுபோல, எந்த மரபணு இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதுதான் தோலையும் கல்லீரலையும் வேறாக்குகிறது. திறப்பதும் அடைப்பதும் வேதிக் குறிகளின் வேலை. அவற்றில் நன்கு ஆராயப்பட்டது மெத்தில் குறி: ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சின்னஞ்சிறு தொகுதி, டிஎன்ஏயின் சைட்டோசின் எழுத்தின்மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்தக் குறிகள் மிகுந்தால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் இப்படிப்பட்ட குறிகள் உண்டு.

செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏயோடு மெத்தில் குறிகளும் நகலாகின்றன. அதனால் ஒரு நச்சுப்பொருள் உடலைவிட்டுப் போன பிறகும் அது உண்டாக்கிய குறிமாற்றம் அடுத்தடுத்த செல்களில் தொடர முடியும். சிகரெட் பிடிப்பவர்களின் இரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் மெத்தில் குறிகள் குறைந்துவிடுகின்றன. பழக்கத்தை விட்டபின் அவை மெல்லத் திரும்புகின்றன என்றாலும், பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கர்ப்பமே இப்படியொரு தடத்தை விட்டுச் செல்கிறது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் கமிலா டோஸ் சான்டோஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருமுறை குட்டி ஈன்ற எலிகளின் மார்பகச் செல்களில் மெத்தில் குறிகள் நிலையாக மாறியிருந்ததைக் காட்டியது. அடுத்த கர்ப்பத்தின் ஹார்மோன் வந்ததும் அந்தச் செல்கள் முதல்முறையைவிட வேகமாகப் பால் சுரப்புக்குத் தயாராயின. திசு தன்னை மறுபடி அமைத்துக்கொண்டு புதுக் குறிகளை இடும் காலம் அது. அப்போது ஹார்மோனைப்போல நடிக்கும் ஒரு வேதிப்பொருள் குறுக்கிட்டால் குறிகள் தவறிப்போக இடமுண்டு என்ற கருத்து இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது.

மனிதர்களில் இதற்கு மிகத் தெளிவான எச்சரிக்கை ஒரு மாத்திரையிலிருந்து வந்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, டிஇஎஸ் எனப்படும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை 1940-களிலிருந்து 1971 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களுடைய மகள்களுக்கு அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்தது உலகறிந்த செய்தி. மாத்திரையை விழுங்கிய தாய்மார்களுக்கே பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு இந்த வரலாற்றில் தனி இடம் பெற்றது. பிரசவமான ஓரிரு நாளில் தாயிடம் எடுத்த இரத்தத்தைப் பிரித்து உறைநிலையில் சேமித்து வைத்தார்கள். அமெரிக்காவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மிக அதிகமாகத் தெளிக்கப்பட்ட காலம் அது. பல பத்தாண்டுகள் கழித்து பார்பரா கோன் என்ற தொற்றுநோயியல் ஆய்வாளரின் குழு, 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்த 129 தாய்மார்களின் சேமித்த இரத்தத்தையும், நோய் வராத அதே எண்ணிக்கையிலானவர்களின் இரத்தத்தையும் எடுத்து டிடிடி அளவைப் பார்த்தது. 2007-இல் வெளியான முடிவு இது: டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த 1945-இல் 14 வயதுக்குள் இருந்த பெண்களில், இரத்தத்தில் அதன் அளவு மிகுந்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு ஐந்து மடங்கு. அப்போதே 14 வயதைத் தாண்டியிருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு தென்படவில்லை. எவ்வளவு நஞ்சு என்பது மட்டும் போதாது, எந்த வயதில் என்பதும் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று கிடைப்பது அரிது. பூப்புக்கு முன் கொழுப்பில் தங்கிய டிடிடி, பல ஆண்டு கழித்துப் பிரசவ அறையில் எடுத்த இரத்தத்தில் தென்பட்டது. இந்தியா 1989-இல் விவசாயத்தில் டிடிடியைத் தடை செய்தது. கொசு, மணல் ஈ ஒழிப்புக்கு மட்டும் அதன்பிறகும் பயன்படுத்தி வந்தது.

பழைய நஞ்சு கர்ப்பத்தில் மறுபடி வெளியே வருவதைக் காரீயத்தில் இன்னும் நேராகப் பார்க்கலாம். வயதுவந்தவரின் உடலில் உள்ள காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது; பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். ஆஸ்திரேலியாவின் பிரையன் கல்சன் 1990-களில் இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி கண்டார். ஒவ்வொரு நாட்டுத் தாதுவிலும் காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் வேறுபடும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பெண்கள் கருவுற்றபோது அவர் மாதாமாதம் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தார். பிறந்த ஊரில் சிறுவயதிலிருந்து எலும்பில் சேர்ந்த காரீயம் கர்ப்பத்தில் இரத்தத்துக்குத் திரும்பியதும், பாலூட்டும் மாதங்களில் அது இன்னும் கூடியதும் தெரிந்தது. அதாவது, கர்ப்பிணி இன்று எவ்வளவு சுத்தமான வீட்டில் இருந்தாலும் இருபது வருடத்துக்கு முந்தைய தெருவின் பெட்ரோல் புகையை அவள் உடல் மறுபடி சந்திக்கிறது. மெக்சிகோ நகரத்தில் நடந்த ஆய்வொன்று தாயின் எலும்புக் காரீயம் கூடக்கூடத் தொப்புள்கொடி இரத்தத்தில் மெத்தில் குறிகள் குறைவதை 2009-இல் காட்டியது. அதே நகரத்தில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்தபோது இரத்தக் காரீயம் குறைந்தது. வெளியிலிருந்து கால்சியம் போதுமான அளவு வந்தால் எலும்பு அதிகம் கரைய வேண்டியதில்லை.

இரும்புக்கும் இப்படியொரு கதை உண்டு. உணவில் இரும்பு போதாதபோது அதை உறிஞ்சும் குடல் புரதங்கள் பெருகுகின்றன. கேட்மியம் என்ற நச்சு உலோகமும் அதே வழியில் நுழைகிறது. நுழைந்தால் சிறுநீரகத்தில் 10 முதல் 30 வருடம் தங்கும். புகையிலையும் அரிசியும் கேட்மியம் வரும் முக்கிய வழிகள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கணக்கிட்டிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையின் பயன் ஹீமோகுளோபினோடு நிற்பதில்லை.

ஆர்செனிக் கதை எபிஜெனெடிக்ஸுக்கு இன்னும் நெருக்கமானது. உடல் ஆர்செனிக்கை வெளியேற்றுவதே அதன்மேல் மெத்தில் தொகுதிகளை ஒட்டித்தான். அப்படி மாற்றினால்தான் அது சிறுநீரில் எளிதாகப் போகும். டிஎன்ஏக்கு வேண்டிய மெத்தில் தொகுதியும் அதே இருப்பிலிருந்துதான் வருகிறது. அந்த இருப்பு ஃபோலேட், பி12, கோலின், மெத்தியோனின் என்று கீரையிலும் முட்டையிலும் பருப்பிலும் கிடைக்கும் சத்துகளால் நிரம்புகிறது. வங்கதேசத்தில் ஃபோலேட் குறைந்திருந்த பெரியவர்களுக்கு 12 வாரம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது இரத்த ஆர்செனிக் சுமார் 14 சதவீதம் இறங்கியதை மேரி கேம்பிள் குழு 2007-இல் பதிவு செய்தது. கர்ப்பத்தில் ஆர்செனிக்கை மாற்றும் திறன் இயல்பாகவே கூடுகிறது என்பதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனாலும் சாப்பாடு போதாத தாய்க்கு, நஞ்சை வெளியேற்றவும் தன் மரபணுக் குறிகளைக் காக்கவும் குழந்தையை வளர்க்கவும் ஒரே இருப்புதான்.

நீரிழிவு விஷயத்தில் விலங்குச் சான்று கவனத்துக்குரியது. ஸ்பெயினில் அங்கெல் நடால் குழு, பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பினால்-ஏயைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தது. குட்டி ஈன்று சில மாதங்களில் தாய் எலிகளின் எடை கூடியது. சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. இன்சுலின் சுரக்கும் செல்களும் குறைந்தன. மனிதர்களில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று 2009-இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. பிரீ-எக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் வந்தவருக்கு இதயநோய் வாய்ப்பு சுமார் இரு மடங்கு. காற்று மாசு மிகுந்த இடங்களில் கர்ப்பகாலச் சர்க்கரையும் பிரீ-எக்லாம்ப்சியாவும் கூடுதலாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகம் 2019-இல், தாய் சுவாசித்த கரித்துகள் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கம் வரை போயிருந்ததைப் படமெடுத்தது. தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் உட்பட நான்கு நாட்டுப் பகுதிகளில் 3,200 கர்ப்பிணிகளுடன் நடந்த ஹாப்பின் ஆய்வில், விறகடுப்பை விட்டு எரிவாயுவுக்கு மாறியவர்கள் சுவாசித்த நுண்துகள் விறகடுப்பில் தொடர்ந்தவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தையின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஆனால் அடுப்பு மாறியது கர்ப்பம் தொடங்கி மாதங்கள் கடந்த பிறகுதான். அதற்கு முன் பல வருடம் உள்ளே போன புகை கணக்கில் அப்படியே இருக்கிறது.

மெத்தில் குறிகளை எண்ணி உடலின் உயிரியல் வயதை மதிப்பிடும் முறையை ஸ்டீவ் ஹார்வத் 2013-இல் உருவாக்கினார். அதே வகை அளவுகோல்களைக் கொண்டு பிலிப்பைன்ஸின் செபு நகர இளம்பெண்களை ஆராய்ந்த குழு, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இரண்டு மூன்று மாத வயது கூடுவதாக 2024-இல் எழுதியது. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகக் குழு, கர்ப்பத்தில் ஏறும் இந்த வயது பிரசவத்துக்குப் பின் இறங்குவதையும், பாலூட்டுபவர்களிடம் அதிகமாக இறங்குவதையும் கண்டது. மாசும் நஞ்சும் இந்த இறக்கத்தைத் தடுக்கின்றனவா என்பதே இப்போதைய முக்கியக் கேள்வி.

இவற்றை எடைபோடும்போது நிதானம் தேவை. மனிதர்களில் பெரும்பாலும் இரத்தத்தைத்தான் சோதிக்க முடிகிறது. இரத்தத்தில் மாறிய குறி இதயத்திலோ கணையத்திலோ மாறியிருக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வறுமை, சாப்பாடு, மன அழுத்தம் மூன்றும் மாசுள்ள இடத்திலேயே சேர்ந்திருப்பதால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். மெத்தில் மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயின் அடையாளமா என்பதற்கு ஒரே ஒரு இரத்தமாதிரி பதில் சொல்லாது. கர்ப்பத்துக்கு முன்பும், கர்ப்பத்திலும், பல ஆண்டு கழித்தும் அதே பெண்ணிடம் எடுத்த மாதிரிகள் வேண்டும். குழந்தைக்காகத் தொடங்கிய ஆய்வுகள் தாயையும் தொடர்ந்து பார்த்தால் அவை கிடைக்கும்.

மருத்துவம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பகாலச் சர்க்கரையும் பிரீ-எக்லாம்ப்சியாவும் பெண்களின் இதயநோய் ஆபத்துக் காரணிகள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2011-இல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிக்கும் வழக்கம் வேரூன்றியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பங்கு பெரிது. சோதனையில் சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் மறுசோதனையும், அது சரியாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனையும் வாழ்நாள் முழுதும் தேவை. நாற்பது வயதில் வேறு எதற்காக மருத்துவரிடம் போனாலும், கர்ப்பத்தில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்ததையும், அப்போது விறகடுப்பில் சமைத்தாரா, பூச்சிமருந்து தெளித்த வயலிலோ பேட்டரிப் பட்டறைக்குப் பக்கத்திலோ வேலை செய்தாரா என்பதையும் அவர் சொல்ல வேண்டும். மருத்துவரும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.