கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் விதி உண்டு: அமெரிக்கன் ஃபுட்பாலில் கோச், பெற்றோர் என்ன செய்யலாம்?

ஹைதராபாத்துக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீர்களா? 2012-ல் தொடங்கிய எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியாவில் 'ஹைதராபாத் ஸ்கைகிங்ஸ்' என்று ஓர் அணியே இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இதன் மோதலில்லாத வடிவமான ஃப்ளாக் ஃபுட்பால் அறிமுகமாகிறது. அதில் ஆளைத் தள்ளி வீழ்த்த வேண்டாம். இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். உங்கள் பிள்ளையும் நாளை சேரக் கேட்கலாம்.

கோட்டுக்கு வெளியே நிற்கப்போவது நீங்கள். அங்கேயும் விதி இருக்கிறது.

அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளி ஆட்டங்களில், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பக்கக்கோட்டை ஒட்டிய 2 கெஜ இடம் காலியாக இருக்க வேண்டும். கோச் அங்கே நின்றால் முதலில் எச்சரிக்கை, அடுத்து 5 கெஜம், பிறகு 15 கெஜம் அபராதம். நடுவரைத் திட்டினால் நேராக 15; மறுபடியும் திட்டினால் வெளியேற்றம். வாய் விடுவது பெரியவர், பின்னால் போவது பிள்ளைகளின் அணி!

இதைவிட முக்கியம், தலையில் அடிபட்டால் என்ன என்பது. 2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தலையில் அடிபட்ட 13 வயது சாக்கரி லிஸ்டெட், அதே ஆட்டத்தில் திரும்பவும் ஆடினான். பிறகு மைதானத்திலேயே சரிந்தான். பிழைத்தாலும் மீண்டுவர வருடக்கணக்கானது. 2009-ல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது: மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவத் தரப்பு எழுதிக்கொடுக்காமல் திரும்ப ஆடக்கூடாது. 'ஒண்ணும் ஆகாது, ஆடு' என்று சொல்லும் உரிமை அங்கே கோச்சுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது.

எந்த விளையாட்டானாலும் சரி, பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: தலையில் அடிபட்டால் இங்கே யார் முடிவெடுப்பார்?