தெருவிலிருந்து இறங்கிய சிக்னல் விளக்குகள்

1914 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், யூக்ளிட் அவென்யூவும் கிழக்கு 105ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் நிறுவப்பட்ட மின்சாரப் போக்குவரத்து விளக்கில் சிவப்பும் பச்சையும் மட்டுமே இருந்தன. நிறம் மாறப்போவதை ஓர் ஒலிப்பான் அறிவித்தது. 1920இல் டெட்ராய்ட் நகரக் காவலர் வில்லியம் பாட்ஸ் இவற்றுக்கிடையே மஞ்சளைச் சேர்த்து, நான்கு திசைகளையும் நோக்கும் மூவண்ண விளக்கை அமைத்த பின்னர், சிரக்யூஸ் நகரின் கிரௌஸ்-ஹைண்ட்ஸ், சிகாகோவின் டார்லி, மோலின் நகரின் ஈகிள் சிக்னல் முதலிய நிறுவனங்கள் வார்ப்பு அலுமினியத்தாலான விளக்குகளைப் பல பத்தாண்டுகள் செய்து குவித்தன. பின்னாளில் அலுமினியத்தின் இடத்தைப் பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கும், இழை பல்பின் இடத்தை எல்.இ.டி. விளக்கும் பிடித்தன, 2006 ஜனவரி முதல் தயாராகும் சிக்னல்கள் மின்சிக்கன அளவுகளுக்கு உட்பட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் அமெரிக்க எரிசக்திச் சட்டம் விதித்தபோது பழைய முறை ஓயத் தொடங்கியது. அப்போது நகராட்சிக் கிடங்குகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் சேர்ந்த விளக்குகளைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, மீண்டும் எரியவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட சேகரிப்பாளர்கள் அந்நாட்டில் கணிசமாக உள்ளனர்.

இவர்களுடைய வேலையைப் பெயின்ட் பளபளப்பைக் கொண்டு மதிப்பிடுவது எளிது, ஆனால் தவறு. சிக்னல் விளக்கு அடிப்படையில் ஓர் ஒளியியல் கருவி. பல்பின் இழை, அதற்குப் பின்னால் உள்ள ஆடி, முன்னால் உள்ள நிறக் கண்ணாடி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அந்தக் கணக்கு மீளாதவரை, கூடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விளக்கு சீரமைக்கப்பட்டதாகாது.

சேகரிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பொருள் வந்த வழி. சாலையில் தொங்கும் விளக்கு பொதுச்சொத்து என்பதால், கழித்துவிடப்பட்டவற்றை நகராட்சி ஏலத்திலோ, அங்கு ஏலம் எடுத்தவரிடமிருந்தோ வாங்குவதே முறை. அடுத்ததாக அமைப்பைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவை உள்ளே வெகுவாக வேறுபடும். டார்லி போன்ற நிறுவனங்கள் சிறு நகரங்களுக்காகச் செய்த மலிவான நான்முக விளக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு முகங்களுக்கும் மும்மூன்று நிறங்கள் என்றால் பன்னிரண்டு பல்புகள் தேவை. ஆனால் இவ்வகை விளக்கில் அடுக்குக்கு ஒன்றாக மூன்றே பல்புகள் உண்டு. மேலடுக்கில் உள்ள ஒரே பல்பு வடக்கு, தெற்கு முகங்களில் சிவப்புக் கண்ணாடி வழியாகவும், கிழக்கு, மேற்கு முகங்களில் பச்சைக் கண்ணாடி வழியாகவும் தெரியும். கீழடுக்கில் இது தலைகீழாகும். நடுப் பல்பு நான்கு புறமும் மஞ்சளைக் காட்டும். பல்புச் செலவும் மின்செலவும் குறைந்த இந்தச் சிக்கனத்தால், ஒரு சாலையில் வருபவருக்குச் சிவப்பு மேலேயும் குறுக்குச் சாலையில் வருபவருக்குச் சிவப்பு கீழேயும் அமைந்தது. நிறங்களைப் பிரித்தறிய இயலாத ஓட்டுநர்கள் இடத்தை வைத்தே நிறத்தை உணர்பவர்கள் என்பதால் இது அவர்களுக்கு ஆபத்தாக முடியக்கூடியது. பிற்கால விதிகள் எல்லா முகங்களிலும் சிவப்பே மேலே இருக்க வேண்டும் என்றன. இத்தகைய விளக்கை வாங்குபவர் “கண்ணாடியை யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள்” என்று கருதித் திருத்த முனைந்தால், மூன்று பல்புகளைக் கொண்டு நான்கு முகங்களையும் முறையாக இயக்க முடியாது என்பதை விரைவில் கண்டுகொள்வார்.

மேல், கீழ் என்ற இந்த விவகாரத்துக்கு அரசியலும் உண்டு. சிரக்யூஸ் நகரில் அயர்லாந்து வழியினர் நிறைந்த டிப்பரரி ஹில் பகுதியில் 1920களில் சிக்னல் வைக்கப்பட்டபோது, பிரிட்டனைக் குறிக்கும் சிவப்பு அயர்லாந்தின் பச்சைக்கு மேலே அமர்வதா என்று சினந்த இளைஞர்கள் கல்லெறிந்து கண்ணாடியை மீண்டும் மீண்டும் உடைத்தனர். நகர நிர்வாகம் பணிந்தது, அங்கே இன்றும் பச்சையே மேலே இருக்கிறது. நாட்டின் பெரிய சிக்னல் தொழிற்சாலைகளுள் ஒன்றான கிரௌஸ்-ஹைண்ட்ஸ் அதே ஊரில்தான் இயங்கியது.

பிரித்தெடுக்கும் கட்டம் பொறுமையைச் சோதிப்பது. அலுமினியக் கூட்டில் இரும்புத் திருகாணிகள் பல்லாண்டு மழையில் நனைந்திருப்பதால், இரு உலோகங்களும் ஈரமும் சேர்ந்து நிகழ்த்தும் மின்வேதி அரிப்பில் அவை இறுகிப்போயிருக்கும். பலங்கொண்டு திருகினால் ஆணியின் தலை முறியும். அதைவிடக் கேடாக, கதவைத் தாங்கும் கீல் காது உடையும். துருவில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் ஊறவைப்பதும், அதற்கும் அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு அந்த இடத்தை அளவாகச் சூடாக்குவதும் வழக்கம். ஒரே வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால் பிடி தளரும்.

பழைய பெயின்டை நீக்குவதில் எச்சரிக்கை தேவை. சிக்னல்களுக்குப் பரவலாகப் பயன்பட்ட மஞ்சள் நிறமி ஈயக் குரோமேட் ஆகும்; ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் தேய்த்தால் கிளம்பும் தூளில் ஈயமும் குரோமியமும் இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் அது பெருங்கேடு. காஸ்டிக் சோடா பெயின்டைக் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் தின்றுவிடும். முன்பு பலரும் நம்பியிருந்த மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை, அதன் ஆவியால் நேர்ந்த உயிரிழப்புகளைக் கருத்தில் கொண்டு, அமெரிக்க அரசு 2019இல் தடைசெய்தது. மணலை வேகமாகப் பீய்ச்சினால் மென்மையான வார்ப்பில் குழி விழும் என்பதால், உரிய கூடம் உள்ள பட்டறையில் நுண் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்விப்பதே பாதுகாப்பானது. அலுமினியத்தின் மேல் உடனுக்குடன் படியும் ஆக்சைடு படலத்தில் பெயின்ட் ஒட்டாது. பரப்பை இலேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிரைமர் பூச்சு முதலில் வேண்டும்.

ஆனால் முழுவதையும் உரித்துவிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. சாலையில் நீண்டகாலம் இருந்த விளக்கில் மஞ்சளுக்கு அடியில் கரும்பச்சையோ வேறு நிறமோ இருக்கலாம். ஓரத்தில் ஒரு சிறு பகுதியைச் சுரண்டிப் பார்த்தால் அந்த அடுக்குகள் தெரியும். தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் நிறத்துக்குத் திரும்புவதும் நேர்மையானதே, கடைசியாகப் பணியாற்றிய நிறத்திலேயே விடுவதும் நேர்மையானதே. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இல்லாத பளீர் நிறத்தை அடித்துக் கண்காட்சிப் பொம்மையாக்குவதுதான் பொருளின் வரலாற்றை அழிப்பது.

விளக்கு முகத்து மறைப்பின் உட்புறம் இதற்கு விலக்கு. அங்கே நிறம் விருப்பத்துக்கு உரியதன்று. விளக்கின் முகத்துக்கு மேல் நீண்டிருக்கும் அந்த மறைப்பு மழைக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. தாழ்ந்த வெயில் கண்ணாடிக்குள் புகுந்து ஆடியில் பட்டுத் திரும்பினால், அணைந்திருக்கும் விளக்கும் எரிவதுபோல் தோன்றும். இந்தப் பொய்யொளியைத் தடுக்கவே மறைப்பு வைக்கப்பட்டு, அதன் உட்புறம் மங்கிய கறுப்பில் பூசப்பட்டது. அங்கே பளபளப்பான பெயின்ட் அடிப்பது அதன் நோக்கத்தையே கெடுக்கும்.

கண்ணாடி வில்லைகளில்தான் சேகரிப்பாளர்களின் ஆர்வம் உச்சத்தை அடைகிறது. 8 அங்குல விட்டமுள்ள பழைய வில்லைகளின் வெளிப்புறம், தூசி தங்காமல் மழை கழுவிச் செல்லும்படி வழவழப்பாகவும், உட்புறம் ஒளியைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் வளைத்தனுப்பும் சிறு பட்டக வரிகளுடனும் இருக்கும். இந்த வரியமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிரௌஸ்-ஹைண்ட்ஸ் வில்லைகளில் சிரித்த வாய்போல் வளைந்த வரிகள் கொண்ட ஒரு வகையை “ஸ்மைலி” என்றே அழைக்கின்றனர். விளிம்பில் மேற்புறத்தைக் குறிக்கும் எழுத்தோ குறியோ இருப்பதைக் கவனிக்காமல் தலைகீழாக மாட்டினால் ஒளி ஓட்டுநரை விட்டு வானத்தை நோக்கிச் செல்லும்.

பச்சை வில்லையைக் கழற்றிப் பகலொளியில் பிடித்துப் பார்ப்பவருக்கு அது நீலம் கலந்ததாகத் தோன்றும். டங்ஸ்டன் இழையின் ஒளி மஞ்சள் சாய்ந்தது என்பதை அறிந்தே கண்ணாடி செய்தவர்கள் நீலத்தைக் கூட்டினர். இரண்டும் சேர்ந்தால்தான் தெளிவான பச்சை கிடைக்கும். இன்று கடையில் கிடைக்கும் வெண்ணிற எல்.இ.டி. பல்பைப் போட்டால் அதே வில்லை நீலம் பாரித்துவிடுவது இதனால்தான். மின்செலவைக் கருதி எல்.இ.டி. போடுவதானால், 2700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் ஒளி தருவதையே தேட வேண்டும்.

அதிலும் குறை உண்டு. 8 அங்குல விளக்குக்கென்று செய்யப்பட்ட பல்பில், அடித்தொடர்பிலிருந்து ஒளிமையம் வரையுள்ள தூரம் ஏறத்தாழ 62 மில்லிமீட்டர். 12 அங்குல விளக்குக்கு 76 மில்லிமீட்டர். ஆடியின் குவியத்தில் இழை சரியாக நிற்பதற்கே இந்த அளவு. வீட்டு பல்பில் ஒளிமையம் வேறிடத்தில் இருப்பதால் வில்லையின் நடுவில் மட்டும் ஒளித்திட்டு விழுந்து விளிம்பு இருண்டுவிடும். வீட்டு பல்புக்கு ஏறக்குறைய 1,000 மணி நேர ஆயுள் என்றால், சிக்னல் பல்புக்கு 8,000 மணி நேரம் குறிக்கப்பட்டது. அதன் இழை சற்றுத் தணிந்த வெப்பத்தில் எரிந்து, அதிகத் தாங்கிகளால் அதிர்வைப் பொறுத்துக்கொண்டது. வெள்ளிப் பூச்சுள்ள கண்ணாடி ஆடிகளின் முதுகில் பூச்சு உரிந்திருந்தால், அதைத் தேய்க்காமல் பூச்சு வேலை தெரிந்தவரிடம் தருவது நல்லது.

மின்கம்பிகளைப் பொறுத்தவரை பழமைப் பற்று உதவாது. துணியும் ரப்பரும் சுற்றிய பழைய கம்பிகள் தொட்டால் உதிரும், சிலவற்றில் கல்நார் இருக்கும். அவற்றை நனைத்து, உரிய கவசத்துடன் அகற்றி, வெப்பம் தாங்கும் புதிய கம்பியிட்டு, உலோகக் கூட்டுக்குக் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும்.

சீரமைத்த விளக்கைச் சாலையில் செல்பவர் கண்ணில் படும்படி எரியவிடுவது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் குற்றம். சிக்னல் என்று மயங்கக்கூடிய எதையும் காட்டலாகாது என்பது விதி. வீட்டுக்குள் நிறம் மாற்றச் சிறு மின்னணுச் சுற்று போதும். ஆனால் தேர்ந்த சேகரிப்பாளர் அத்துடன் நிற்காமல், சாலையோரப் பெட்டியில் இருந்த பழைய கன்ட்ரோலரையே தேடுகிறார். ஈகிள் செய்த இவ்வகைக் கருவியில், மின்மோட்டார் சுழற்றும் வட்டின் விளிம்பில் நூறு பிளவுகள் இருக்கும். அவற்றில் செருகிய சாவிகள் தொடுமுனையைத் தட்டும்போதெல்லாம் காந்தச் சுருள் ஒரு தண்டை ஒரு படி நகர்த்த, தண்டிலுள்ள பற்கள் அந்தந்தப் பல்புக்கு மின்சாரத்தைத் திறந்தும் மூடியும் விடும். ஒரு சுற்றின் நேரம் முழுவதையும் மாற்றப் பல்சக்கரத்தை மாற்றினால் போதும், பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதத்தை மாற்றச் சாவிகளை இடம் மாற்ற வேண்டும். இந்த மோட்டார் மின்னோட்டத்தின் அலைவெண்ணை ஒட்டியே சுழல்வது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்ட கன்ட்ரோலரை, மின்னழுத்தத்தை மட்டும் 120 வோல்ட்டுக்குக் குறைத்து, இந்தியா, இலங்கை போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் ஓட்டினால் 60 விநாடிச் சுற்று 72 விநாடியாக நீளும், மோட்டாரும் கூடுதலாகச் சூடேறும். அதனால் இங்கு அதை வரவழைப்பவர் அலைவெண் மாற்றி ஒன்றுக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டியிருக்கும்.