சுரப்புப் புற்றுநோய் (உமிழ்நீர்ச் சுரப்பி)

சுரப்புப் புற்றுநோய் என்பது உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அரிதாகத் தோன்றும் ஒரு புற்றுக்கட்டி ஆகும். காதுக்கு முன்னும் கீழுமாக அமைந்துள்ள பரோட்டிட் சுரப்பியிலேயே இது பெரும்பாலும் காணப்படுகிறது. பொதுவாக வலியின்றி மெதுவாக வளரும் புடைப்பாக இது வெளிப்படும். 2010 ஆம் ஆண்டில் செக் குடியரசைச் சேர்ந்த நோயியலாளர் அலேனா ஸ்காலொவாவும் அவருடைய குழுவினரும் இதனைத் தனி நோயாக விவரித்தனர். மார்பகத்தில் தோன்றும் அதே பெயருடைய புற்றுநோயை இது ஒத்திருப்பதை அவர்கள் காட்டினர். அதற்கு முன்னர் இத்தகைய கட்டிகளுள் பல, அசினார் உயிரணுப் புற்றுநோய் என்றே பதிவு செய்யப்பட்டன.

உயிரணுச் சோதனை

மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து உயிரணுக்கள் உறிஞ்சி எடுக்கப்பட்டு, கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றப்படுகின்றன. சுரப்புப் புற்றுநோயில் உயிரணுக்களின் சைட்டோபிளாசம் சிறு குமிழிகள் நிறைந்து காணப்படும். அசினார் உயிரணுப் புற்றுநோயிலோ அதில் சைமோஜன் எனப்படும் நொதி முன்னோடித் துகள்கள் இருக்கும். எனினும் சில அசினார் கட்டிகளில் இத்துகள்கள் குறைந்து குமிழிகளே மிகுந்திருப்பதால், இச்சோதனையை மட்டும் கொண்டு முடிவு கூறுவது கடினம். 2018 இல் வெளியான மிலான் அறிக்கை முறையில், தீங்குத்தன்மை உறுதியாகாத புத்துவளர்ச்சிகளுக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. ஐயத்துக்குரிய மாதிரியை அப்பிரிவில் வைப்பதே அவசரப்பட்டுப் பெயரிடுவதினும் மேலானது.

திசுச் சோதனை

அறுவையில் அகற்றப்பட்ட திசுவில் நுண்பைகளும் குழல்களும், அவற்றினுள் நுரைபோன்ற சுரப்புப் பொருளும் தென்படும். அடுத்து நோயெதிர்ப்புச் சாயமேற்றல் செய்யப்படுகிறது. எஸ்100, மம்மாகுளோபின் ஆகிய இரு புரதங்களும் சுரப்புப் புற்றுநோயில் வலுவாகச் சாயமேறும். டாக்1 புரதம் பொதுவாக ஏறாது. அசினார் உயிரணுப் புற்றுநோயில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான நிலை காணப்படும். எஸ்100 வேறு பல உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளிலும் சாயமேறுவதால், அது ஒன்றே போதிய சான்றாகாது.

மரபணுச் சோதனை

இக்கட்டியின் சிறப்பு அடையாளம் 12, 15 ஆம் நிறப்புரிகளுக்கிடையே நிகழும் இடமாற்றமாகும். இதனால் ஈடிவி6, என்டிஆர்கே3 ஆகிய மரபணுக்கள் இணைகின்றன. பெரும்பாலான நோயாளிகளுக்கு அறுவை மருத்துவமே முதன்மையானது. ஆனால் நோய் பரவியவர்களுக்கு இந்த இணைவு மருந்தையே தீர்மானிக்கக் கூடியது. என்டிஆர்கே இணைவுள்ள கட்டிகளுக்கான லாரோட்ரெக்டினிப் மருந்துக்கு 2018 இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. ஈடிவி6 முறிந்துள்ளதை மட்டும் காட்டும் ஒளிர்வுச் சோதனை, அது எந்த மரபணுவுடன் இணைந்தது என்பதைக் கூறாது. சிலரில் அது ரெட் மரபணுவுடன் இணைகிறது. அவர்களுக்கு ரெட் புரதத்தைத் தடுக்கும் வேறு மருந்து தேவைப்படும். எனவே மருந்து தொடங்குமுன் இணை மரபணுவும் கண்டறியப்பட வேண்டும்.